கடல்மட்டக் கல்

மஸ்ராவில் சாலை சாக்கடலை விட்டுப் பிரிந்து மலைப் பக்கம் திரும்பியதுமே கார் கை தட்ட ஆரம்பித்துவிட்டது.

முதலில் மெல்ல, கல்யாண வீட்டில் புதிதாய் நுழைந்த பெண் கூச்சத்தோடு தட்டுவது போல. ஏற்றம் கூடக் கூட உரக்க. என்ஜினுக்குள் யாரோ ஒரு டப்பா ஆணியைப் போட்டுக் குலுக்குகிற மாதிரி. சாக்கடல் பள்ளத்து ஊர்களில் அதற்குக் கைதட்டல் என்று பெயர். பெயர் என்னவோ சந்தோஷமான பெயர்தான். கேட்கிறவர்கள் சந்தோஷப்படுவதில்லை.

துர்ஃபா ஆக்ஸிலேட்டரிலிருந்து காலைக் கொஞ்சம் எடுத்தாள். சத்தம் குறைந்தது. வண்டியின் வேகமும் குறைந்தது. பின்னால் தக்காளி ஏற்றி வந்த லாரி எரிச்சலோடு ஹாரன் அடித்தது.

"மிதி," என்றான் பக்கத்தில் இருந்த கணவன் ஸுவைலிம்.

"மிதிச்சா தட்டுது."

"தட்டட்டும். கரக் மலையில கார் ஓட்டுற பொம்பளையைப் பார்த்தா யாருதான் கை தட்ட மாட்டாங்க?"

"பிஸ்டன் ஓட்டை விழுந்து நடுரோட்டுல நிப்போம் பாருங்க, அப்ப நீங்க தட்டுங்க. நான் உங்களை முதுகுல கட்டிக்கிட்டு ஏறுறேன்."

"என்னைத் தூக்குவியா? உப்பு மூட்டை கனம் இருப்பேன்."

கனம்தான். இரண்டு நாள் தண்ணீர் உடம்பிலேயே நின்றிருந்தது. கால்கள் வீங்கி, செருப்பின் வார் சதைக்குள் பதிந்திருந்தது. சிறுநீரகம் கைவிட்டுவிட்டதால், வாரத்தில் மூன்று நாள் மேலே கரக் மருத்துவமனையில் இயந்திரத்தில் படுத்து ரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும். அவனுக்கு இடம் கிடைத்தது மதியமுறையில். அதனால் வெயில் உச்சியில் நிற்கும்போதுதான் மலையேற வேண்டியிருந்தது. மே மாதம் பாதிதான் ஆகியிருந்தது. அதற்குள் பள்ளத்துக் காற்று ரொட்டி அடுப்பைத் திறந்த மாதிரி முகத்தில் அறைந்தது.

போன புதன்கிழமை ஏற்றத்தில் கார் தட்டித் தட்டிச் சூடேறி, நீராவி கக்கி, பாறை வளைவில் நின்றுவிட்டது. வேறு வண்டி கிடைத்து மருத்துவமனை போய்ச் சேர்வதற்குள் மதியமுறை முடியும் நேரம். ஸுவைலிமின் மார்புக்குள் தண்ணீர் ஏறி, கரையில் போட்ட மீன் மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடினான். துர்ஃபா அந்த வாயை மறக்கவில்லை. கைதட்டல் கேட்கும்போதெல்லாம் அந்த வாய் கண்ணுக்கு முன் வந்து நின்றது.

கார் ஊர்ந்து ஏறியது. வலது பக்கம் பாறை. இடது பக்கம் பாதாளம். துர்ஃபாவின் கண்கள் என்ஜின் சூட்டைக் காட்டும் சூட்டுமுள்ளுக்கும் சாலைக்கும் மாறி மாறி ஓடின. ஒரு திருப்பத்தில் சாலையோரமாக அந்த வெள்ளைக் கல் வந்தது. 'கடல்மட்டம்' என்று எழுதிய கல்; அதுவரை ஏறி வந்ததெல்லாம் கடலைவிடத் தாழ்ந்த பள்ளம். அதைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும், யாரோ அதட்டியது போல, கைதட்டல் நின்றுவிட்டது.

துர்ஃபா மூச்சை விட்டாள்.

"பார்த்தியா, வண்டியில ஒரு கோளாறும் இல்ல," என்றான் ஸுவைலிம். அவனுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்திருந்தது. "எனக்குத்தான் இங்க வந்தா முடியல. நம்ம பள்ளத்துக் காத்து கெட்டிக் காத்து. கட்டி மோர் மாதிரி. மேல ஏற ஏறத் தண்ணி மோர்."

அப்போது துர்ஃபா அதைக் காதில் போட்டுக்கொண்டாளே தவிர, மனதில் போட்டுக்கொள்ளவில்லை.

*

அந்தக் காரை அவர்கள் அம்மானில் ஒரு பல் வைத்தியரிடம் வாங்கினார்கள். இருபது வயதான சின்னக் கொரிய வண்டி. பெட்ரோலைக் குடிக்காது, நக்கும் என்றார் வைத்தியர். அவர் வீட்டு வாசலில் அது பூனை மாதிரி உறுமியது. 'எப்பவும் தொண்ணூறுதான் போட்டேன், ஒரு நாள்கூட முனகினதில்லை' என்று சத்தியம் செய்தார். பெட்ரோல் நிலையங்களில் ஆக்டேன் தர எண் போட்ட இரண்டு பம்புகள் இருக்கும். தொண்ணூறு எல்லோருக்கும். தொண்ணூற்றைந்து விலை கூடினது, வசதியானவர்களுக்கு. சின்ன வண்டிக்குத் தொண்ணூறே ஜாஸ்தி என்றார்கள் ஊரில்.

பள்ளத்தில் தங்கள் ஊரான ஸாஃபிக்குக் கொண்டுவந்து மலையேற்றிய முதல் நாளே கை தட்டியது. மெக்கானிக் ஃபராஜ் என்ஜின் மூடியைத் திறந்து, மூடி, மறுபடி திறந்து பார்த்தார். "பல் வைத்தியர் ஏமாத்திட்டார்" என்றார். "இப்படியே தட்டிக்கிட்டிருந்தா ஒரு நாள் பிஸ்டன்ல ஓட்டை விழும். எந்த நாள்னு என்னைக் கேக்காதே, எனக்கு வானத்துலேர்ந்து வஹீ எல்லாம் இறங்காது."

தொண்ணூற்றைந்து போட்டுப் பார்க்கலாமா என்று துர்ஃபா ஒரே ஒரு முறை வீட்டில் கேட்டாள். ஸுவைலிம் தேநீர்க் குவளையைக் கீழே வைத்துவிட்டான். அவன் முகத்தில் அவள் பார்த்தது கோபமில்லை, பயம்.

"என்னை உயிரோட கொளுத்தப் போறியா?"

அன்று மாலை அவனுடைய பெரியப்பா மகன் முஃப்லிஹ் வந்திருந்தான். ஸுவைலிம் அவனைப் பார்த்து, "காட்டு" என்றான். முஃப்லிஹ் பழக்கப்பட்டவனாக இரண்டு கைகளையும் நீட்டினான். உருகி மறுபடி இறுகின பிளாஸ்டிக் மாதிரித் தோல். விரல்கள் மடங்காது. தேநீர்க் குவளையை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவே அணைத்துத்தான் பிடிப்பான்.

"தொண்ணூத்தஞ்சு செஞ்ச வேலை, தங்கச்சி," என்றான் முஃப்லிஹ். "என் தம்பி ஹவைமிலோட கல்யாணம். மாப்பிள்ளையைக் கூட்டிக்கிட்டுப் போற வண்டியாச்சே, மரியாதையாப் போகட்டும்னு நல்ல பெட்ரோலா ஊத்தினேன். என் குட்டி வண்டி தாங்கல. மலையடிவாரம் போகலை, முன்னாடி குபீர்னு பத்திக்கிச்சு. மாப்பிள்ளையை வெளிய இழுத்துப் போட்டேன். எரியிற கதவைப் பிடிச்சு இழுத்த கைதான் இது." கைகளைத் திருப்பித் திருப்பிக் காட்டினான்.

"நான் பின்னாடி வண்டியில வந்தேன்," என்றான் ஸுவைலிம், தரையைப் பார்த்துக்கொண்டு. "மனுஷன் கத்துற சத்தம்னே தெரியல. முதல் நாள்லேர்ந்தே என் புதுச் சிவப்புத் தலைத்துணியைக் காணோம். தீயை அடிக்க அதைத் தேடினேன் பாரு, பைத்தியக்காரன். இவன் எரிஞ்சுக்கிட்டிருக்கான், நான் துணியைத் தேடறேன்."

"போன துணி போகட்டும். என் கை திரும்பவா வரப்போகுது?" என்றான் முஃப்லிஹ். வாசல்பக்கம் பார்த்துக்கொண்டு எழுந்தான்.

ஸாஃபியில் அந்தக் கைகளைத் தெரியாதவர் கிடையாது. சின்ன வண்டியில் பெரிய பெட்ரோல் என்றால் தீ. அதற்கு மேல் பேச்சில்லை.

*

துர்ஃபா விடியும் முன்பே வயலில் இறங்கிவிடுவாள். தக்காளியின் கடைசிப் பறிப்பு. வெயில் ஏறிவிட்டால் பழம் கையிலேயே குழையும். பறித்து, பெட்டியில் அடுக்கி, காம்பு பட்டு விரல் பச்சையாகிக் கறுத்து, வீட்டுக்கு வந்து மகள் வத்ஹாவுக்குத் தக்காளியை எண்ணெயில் பூண்டோடு வதக்கித் தட்டில் வைப்பாள். ஸுவைலிம் எழுந்து வெளியே போய்விடுவான். அவனுக்குத் தக்காளி ஆகாது. தக்காளியில் ஓர் உப்பு இருக்கிறது, அது ரத்தத்தில் ஏறினால் நெஞ்சு நின்றுவிடும் என்றார்கள். பொட்டாஷ் தொழிற்சாலையில் பதினெட்டு வருஷம் அவன் அள்ளிக் கொட்டியதும் அதே உப்பைத்தான்.

"அது என்னைத் தொடாமலே நான் அதைத் தொட்டேன். இப்ப அது என்னைத் தொடுது," என்பான். தண்ணீரும் அளவுதான்; தாகத்துக்கு ஒரு பனிக்கட்டி மட்டும். அதை வாயில் ஒதுக்கிக்கொண்டு, குழந்தை மிட்டாய் சப்புவது போல நெடுநேரம் வைத்திருப்பான்.

அந்தப் பனிக்கட்டி வாங்கத்தான் ஞாயிற்றுக்கிழமை மாலை துர்ஃபா பெட்ரோல் நிலையத்துக்குப் போனாள். பம்பில் நிற்கும் வஜீஹ் எகிப்துக்காரன். எல்லோரையும் உறவு சொல்லிக் கூப்பிடுவான்.

"வா அக்கா, வழக்கம் போலத்தானே? தொண்ணூறா?"

அவள் பதில் சொல்லாமல் இரண்டாவது பம்பைப் பார்த்தாள். உப்புத்தூசி ஏறாமலிருக்க அதன் மூக்கில் பிளாஸ்டிக் பை கட்டியிருந்தது.

"அதுல யாராவது போடுறாங்களா, வஜீஹ்?"

"கம்பெனி என்ஜினியருங்க போடுவாங்க. உங்க ஊர்க்காரங்கதான் பாம்புப் புத்தைப் பார்த்த மாதிரி ஒதுங்கிப் போறாங்க. முஃப்லிஹ் அண்ணன் அந்தப் பம்போட நிழல்லகூட நிக்க மாட்டாரு."

"என்ஜினியருங்க வண்டியெல்லாம் பெருசு."

"பெருசும் உண்டு, குட்டியும் உண்டு. ஒரு மேடம் வருவாங்க. உன் வண்டி மாதிரியே அரதப் பழசு. 'வஜீஹ், அம்மான்ல தொண்ணூறே போதும். இந்தப் பள்ளத்துல இறங்கினாத்தான் தட்டுது. தொண்ணூத்தஞ்சு போடு'ன்னுவாங்க. எத்தனையோ தடவை போட்டாச்சு."

"ஏனாம்?"

"நான் என்னத்தைக் கண்டேன்? எங்க ஊர்ல மேடும் கிடையாது, பள்ளமும் கிடையாது. எல்லாம் தட்டு மாதிரி. கழுதை ஒண்ணுதான் தட்டும், அதுவும் உதைச்சா."

துர்ஃபா சிரிக்கவில்லை. கட்டி மோர், தண்ணி மோர் என்று ஸுவைலிம் சொன்னது அந்த நிமிஷம்தான் மனதுக்குள் போய் உட்கார்ந்தது. இந்த வண்டி தண்ணி மோர் குடித்து வளர்ந்த வண்டி. அதைக் கொண்டுவந்து உலகத்திலேயே தாழ்ந்த பள்ளத்தில், காற்று இவ்வளவு கெட்டியாக அடைத்துக்கொண்டிருக்கிற இடத்தில், மூச்சு வாங்கச் சொல்கிறோம். அந்தக் கெட்டிக் காற்றில் தொண்ணூறு தாங்காமல்தான் தட்டுகிறது, தொண்ணூற்றைந்து தாங்கும். கடல்மட்டக் கல் தாண்டினதும் காற்று இளகுகிறது, வாயை மூடிக்கொள்கிறது. அவருக்கு மேலே முடியவில்லை. இதற்குக் கீழே முடியவில்லை.

புரிந்தது. ஆனால் அந்தப் பம்புக்குப் பக்கத்தில் அவள் வண்டியை விடவில்லை. பிளாஸ்டிக் மாதிரி உருகின இரண்டு கைகள் அவளுக்கும் பம்புக்கும் நடுவே நீண்டிருந்தன.

"இன்னைக்கு வேணாம். டாங்க்குல கொஞ்சம் இருக்கு," என்று பனிக்கட்டியை மட்டும் வாங்கிக்கொண்டு கிளம்பினாள். வீட்டுக்குப் போகவில்லை. நேரே முஃப்லிஹின் வயலுக்குப் போனாள்.

*

முஃப்லிஹ் சொட்டுநீர்க் குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தான், மணிக்கட்டால் தள்ளித் தள்ளி. அவள் அவன் எதிரே குந்தி உட்கார்ந்தாள்.

"அண்ணே, ஒண்ணு கேக்கணும். வண்டி பத்திக்கிறதுக்கு முன்னாடி பெட்ரோல் வாசனை வந்துச்சா?"

"வராம? பெட்ரோல் வண்டியில பெட்ரோல் வாசனை வராம அத்தரா மணக்கும்?"

"எப்போலேர்ந்து வந்துச்சு?"

அவன் குழாயைத் தள்ளுவதை நிறுத்தினான்.

"எதுக்குக் கேக்குற?"

"நாளைக்குத் திங்கள்கிழமை. அவரை மேல கூட்டிட்டுப் போகணும். போன புதன்கிழமை மாதிரி இன்னொரு தடவை நின்னா அவர் பிழைக்க மாட்டார், அண்ணே. அந்த வண்டிக்குத் தொண்ணூத்தஞ்சு வேணும்னு எனக்குத் தோணுது. ஆனா உங்க கையைப் பார்த்தா பயமா இருக்கு. உங்களைக் கேட்டுட்டுப் போட்டுடலாம்னு வந்தேன். போடாதேன்னா போடல."

முஃப்லிஹ் மலையைப் பார்த்தான். சூரியன் அந்தப் பக்கத்தை ரோஜா நிறமாக்கிக்கொண்டிருந்தது. சுருட்டின குழாயை மணிக்கட்டால் ஓரமாகத் தள்ளி வைத்தான்.

"போடு," என்றான் கடைசியில்.

"அண்ணே?"

"ரெண்டு நாள் முன்னாடிலேர்ந்தே வாசனை வந்துச்சு. அப்ப டாங்க்குல இருந்தது தொண்ணூறுதான். பெட்ரோல் ஹோஸ் வெடிப்பு விட்டிருந்துச்சு. கல்யாண வேலை, மாத்த நேரமில்ல. கையில அம்பிட்ட ஒரு துணியைக் கிழிச்சு இறுக்கிக் கட்டினேன். சிவப்புத் தலைத்துணி. அது நனைஞ்சு, சூட்டு என்ஜின் மேல விழுந்து..." அவன் நிறுத்தினான். "மாப்பிள்ளையை ஓட்டை ஹோஸ்ல ஏத்திக்கிட்டுப் போனவன்னு பேர் வாங்கணுமா? ஆஸ்பத்திரியில கண்ணை முழிச்சதும் நல்ல பெட்ரோல் போட்டதால்தான்னு வாயில வந்துச்சு. ஊரே ஒத்துக்கிச்சு. அப்புறம் எப்படித் திரும்ப எடுக்கிறது?"

"நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன், அண்ணே."

"சத்தியமா?"

"சத்தியமா."

"ஸுவைலிம்கிட்ட மட்டும் சொல்லிடாதே. அவன் என்னைப் பார்த்து அழுதிருக்கான்."

திரும்பும் வழியில் துர்ஃபா மறுபடி பெட்ரோல் நிலையத்தில் நுழைந்தாள். வஜீஹ் இரண்டாவது பம்பின் மூக்கிலிருந்து பையை அவிழ்த்தபோது அவள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள், பிள்ளைக்கு ஊசி போடும்போது தாய் திரும்பிக்கொள்வது போல.

*

திங்கள்கிழமை மதியம் வரும்வரை அவளால் ஒரு கவளம் சாப்பிட முடியவில்லை. வத்ஹாவைப் பக்கத்து வீட்டில் விட்டாள். கிளம்புமுன் மூடியைத் திறந்து ஹோஸைத் தடவிப் பார்த்தாள். முகர்ந்தாள். காய்ந்துதான் இருந்தது. இருந்தாலும் முஃப்லிஹ் சொன்னது உண்மைதானா? ஒருவேளை அவளைத் தைரியப்படுத்தச் சொன்னானோ? யாருக்கும் தெரியாமல் தன் வீட்டு அடுப்பையே வண்டிக்குள் ஏற்றி வைத்துவிட்டோமோ?

மஸ்ரா திருப்பம் வந்தது. சாலை மலைக்கு ஏறியது. துர்ஃபா மிதித்தாள்.

ஒன்றுமில்லை.

என்ஜின் இழுத்தது. பல் வைத்தியர் வாசலில் உறுமியது போல உறுமிக்கொண்டு ஏறியது. முதல் வளைவு. இரண்டாவது வளைவு. தக்காளி லாரியை அவளே ஹாரன் அடித்து முந்தினாள். சந்தோஷப்பட நேரம் கிடைக்கவில்லை. ஸுவைலிம் கண்ணைத் திறந்து உட்கார்ந்துவிட்டான்.

"ஏன் சத்தம் வரல?"

"வரலன்னா நல்லதுதானே."

"மிதி."

மிதித்தாள். சத்தம் வரவில்லை. அவன் முகம் வெளுத்தது. பழகின வலி திடீரென்று நின்றால் நோயாளி பயப்படுவானே, அப்படி.

"துர்ஃபா, என்ன போட்டே?"

அவள் சாலையையே பார்த்தாள்.

"என்ன போட்டேன்னு கேக்கறேன்!"

"தொண்ணூத்தஞ்சு."

கதவைத் திறந்துவிட்டான். ஓடுகிற வண்டியில்! துர்ஃபா பிரேக்கை மிதித்துக் கைப்பிரேக்கை இழுப்பதற்குள் அவன் இறங்கி, வீங்கின காலால் தடுக்கி, பாறையைப் பிடித்துக்கொண்டு நின்றான். போன புதன்கிழமை நின்ற அதே பாறை வளைவு.

"இறங்கு! சாவியைப் போட்டுட்டு ஓடி வா! இறங்குடி!"

"நேரமாகுது, ஏறுங்க."

"வத்ஹாவுக்கு ஒருத்தராவது வேணும். இறங்கு!"

அனல் காற்று பாறையில் மோதித் திரும்பியது. அவன் மார்பு ஏறி இறங்கியது. வாயைத் திறந்தான், மூடினான். அதே வாய். துர்ஃபா சாவியைத் திருப்பி என்ஜினை அணைத்தாள். இறங்கி அவனிடம் போனாள். கையைப் பிடித்தாள். அவன் அவளையும் பாறைப் பக்கம் இழுத்தான்.

"நான் மூச்சு முட்டிச் செத்தா சாகறேன். அது படுக்கையில நடக்கும். எரிஞ்சு சாக மாட்டேன். அவன் கத்தினது உனக்குத் தெரியாது."

"தெரியும். ஏன் கத்தினார்னும் தெரியும்." அவள் அவன் கையை விடவில்லை. "நான் சத்தியம் பண்ணியிருக்கேன். நீங்க என்னைச் சத்தியம் மீற வைக்கிறீங்க. அது பெட்ரோல் இல்ல. ஹோஸ் ஓட்டை. ரெண்டு நாள் முன்னாடிலேர்ந்தே ஒழுகியிருக்கு. அதைத் துணியால கட்டிட்டு மாப்பிள்ளையை ஏத்தியிருக்கார்."

"அவன் உன்கிட்ட விட்டது கதை."

"சிவப்புத் தலைத்துணியாம். கிழிச்சுக் கட்டினாராம்."

ஸுவைலிம் அவளைப் பார்த்தான். மூச்சு வாங்கிக்கொண்டே பார்த்தான். ஒரு லாரி அவர்களைக் கடந்து போயிற்று.

"சிவப்பா?"

"சிவப்பு."

"ஓரத்துல வெள்ளைக் குஞ்சம் வெச்சதா?"

"அதையெல்லாம் நான் கேக்கல."

"என்னோடது," என்றான். "கல்யாணத்துக்குன்னு வாங்கினது. முதல் நாள்லேர்ந்தே காணோம். அந்தத் திருட்டுப் பய... என் துணியைக் கிழிச்சு ஹோஸ்ல கட்டிட்டு, வருஷக்கணக்கா என் வீட்டுத் தேநீரைக் குடிச்சுட்டு..." சிரிப்பா இருமலா என்று தெரியாத ஏதோ ஒன்று அவனைக் குலுக்கியது. பாறையில் சாய்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டான். "மூடியைத் திற."

திறந்தாள். அவன் குனிந்து முகர்ந்தான். ஹோஸின் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை விரலை ஓட்டி, விரலை முகர்ந்தான். சூடான ரப்பர் வாசனை. அவ்வளவுதான்.

"கதவைச் சாத்த மாட்டேன்," என்றான் ஏறிக்கொண்டே. "திறந்தே பிடிச்சிருப்பேன். ஏதாவது ஆச்சுன்னா உன்னையும் இழுத்துக்கிட்டுக் குதிப்பேன்."

"என்னை இழுக்க உங்களுக்குத் தெம்பு ஏது?"

"பயத்துல வரும். ஓட்டு."

ஒரு கையால் கதவை விரலளவு திறந்து பிடித்துக்கொண்டான். மறு கை அவள் தோளைப் பற்றியிருந்தது. துர்ஃபா ஓட்டினாள். கதவிடுக்கில் காற்று விசில் அடித்தது. ஒவ்வொரு வளைவிலும் அவன் விரல்கள் அவள் சதையில் அழுந்தின. சூட்டுமுள் நடுவிலேயே நின்றது. அவள் மூக்கு மட்டும் ஓயாமல் பெட்ரோல் வாசனை தேடியது.

வெள்ளைக் கல் தெரிந்தது. கடல்மட்டம்.

எப்போதும் அந்த இடத்தில்தான் சத்தம் நிற்கும். இன்று நிற்பதற்குச் சத்தமே இல்லை. கல்லைத் தாண்டினார்கள். ஸுவைலிம் தலையைத் திருப்பி அந்தக் கல் பின்னால் போவதைப் பார்த்தான். அவள் தோளிலிருந்து கை மெல்ல இறங்கியது.

"முஃப்லிஹை வெள்ளிக்கிழமை சாப்பாட்டுக்குக் கூப்பிடு," என்றான். "துணியைப் பத்தி நான் ஒரு வார்த்தை கேக்க மாட்டேன். கேக்க மாட்டேன்னு நினைக்கறேன்."

பிறகு கதவை இழுத்து அடித்துச் சாத்தினான். அன்று அந்த ஏற்றத்தில் கார் தட்டின சத்தம் அந்த ஒன்றுதான்.